இரண்டாவது தடவை பார்த்தவர்கள்

2006ஆம் ஆண்டு எங்கள் ஊர்ப் பொது நூலக மண்டபத்தில் ஒரு குறும்படம் காட்டினார்கள். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கமெராவைக் கையில் எடுத்த இளைஞர்களுள் ஒருவர் எடுத்த படம் அது. கலியாண வீடுகளுக்கு வீடியோ பிடிக்கும் கடையொன்றில் இரவல் வாங்கிய கமெரா. மொத்தம் இருபத்திரண்டு நிமிடங்கள். கடலுக்குப் போக மறுத்துக் கரையிலேயே குந்தியிருக்கும் ஒரு முதியவர், கவிழ்ந்து கிடக்கும் ஒரு தோணி, இடையிடையே காற்றின் இரைச்சல். பேச்சு அதிகமில்லை.

அடுத்த மாதம் ஒரு வாரப் பத்திரிகையின் இலக்கியப் பக்கத்தில் அந்தப் படத்தைப் பற்றி எழுதினேன். 'கலியாண வீடியோவில் மாப்பிள்ளையைக் காணவில்லை' என்பது நான் இட்ட தலைப்பு. படத்தொகுப்புக்குப் போகுமுன் கிடக்கும் மூலப்பொருளை யாரோ தவறுதலாகத் திரையிட்டுவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தேன். நண்பர்கள் தேநீர்க் கடையில் அந்த வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் அது பெருமையாகவே இருந்தது. அந்த இளைஞர் அதன் பிறகு படம் எடுக்கவில்லை. கட்டாருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து, சத்யஜித் ரேயைப் பற்றிய ஒரு கட்டுரைக்காகப் பழைய விமர்சனங்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 'பதேர் பாஞ்சாலி' 1955 மே மாதம் நியூயோர்க் நவீன கலை அரும்பொருளகத்தில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, ஓகஸ்டில் கல்கத்தாவில் வெளியானது. பணமின்றி இடையிடையே நின்றுபோய், மேற்கு வங்க அரசின் உதவியோடு முடிக்கப்பட்ட படம் அது. 1956இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணம் என்று விருது பெற்றது. 1958இல் அமெரிக்கத் திரையரங்குக்கு வந்தபோது 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் பொஸ்லி குரோத்தர் அதற்கு விமர்சனம் எழுதினார். இவ்வளவு தளர்வான கட்டமைப்பும் மந்தமான ஓட்டமும் கொண்ட ஒரு படத்தை ஹொலிவூட் படத்தொகுப்பாளர்கள் முதல் கட்ட வெட்டாகக்கூட ஏற்கமாட்டார்கள் என்பது அவருடைய கருத்து. படத்தின் உருக்கத்தை அவர் மறுக்கவில்லை. ஆயினும் அந்த ஒரு வாக்கியம்தான் இன்றுவரை நினைக்கப்படுகிறது.

அந்த வாக்கியத்தைப் படித்தபோது திடுக்கிட்டுப் போனேன். குரோத்தரை அதுவரை நான் படித்தவனல்லன். ஆனாலும் அவர் சொன்னதையே நானும் சொல்லியிருந்தேன். எங்கள் ஊர் இளைஞரை ரேயுடன் ஒப்பிடும் எண்ணம் எனக்கில்லை. ஒப்பிடத்தக்கவர்கள் நானும் குரோத்தரும்தான். பழக்கப்பட்ட படங்களின் அளவுகோலைக் கொண்டுபோய்ப் பழக்கமில்லாத ஒன்றின்மீது வைத்து, அளவு பொருந்தவில்லை என்று இருவரும் தீர்ப்பளித்திருக்கிறோம். அன்றிலிருந்து படங்களைப் பார்ப்பதோடு, அவற்றைப் பற்றி விமர்சகர்கள் முதலில் என்ன சொன்னார்கள், பிறகு என்ன சொன்னார்கள் என்பதையும் தேடி வாசிக்கத் தொடங்கினேன். இக்கட்டுரை அந்த வாசிப்பிலிருந்து எழுந்தது.

*

ரேயிலிருந்து அவர் மதித்த ஒருவரிடம் போவோம். 1949இல் 'த றிவர்' படத்துக்கு இடம் பார்க்கக் கல்கத்தா வந்த பிரெஞ்சு நெறியாளர் ழான் ரெனுவாரை இளைஞரான ரே சந்தித்தார். அந்த ரெனுவார் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் பெரியதொரு தோல்வியைச் சந்தித்தவர். 1939 ஜூலையில், உலக யுத்தம் தொடங்க இரண்டு மாதங்களுக்கும் குறைவாக இருந்த நேரம், அவருடைய 'ஆட்டத்தின் விதிகள்' பாரிஸில் வெளியானது. சீமான்கள் ஒரு மாளிகையில் கூடி வேட்டையாடி, காதலித்து, பொய்பேசி, கடைசியில் ஓர் உயிர் போனதையும் விபத்தென்று மூடிமறைக்கும் கதை. பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். ஒருவர் பத்திரிகையைக் கொளுத்தித் தியேட்டருக்கே தீ வைக்கப் பார்த்தார் என்று ரெனுவார் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களும் பெரும்பாலும் கைகொடுக்கவில்லை. ரெனுவார் தன் கையாலேயே படத்தை வெட்டிச் சுருக்கினார். அது போதாதென்று அரசாங்கமும் தடை விதித்தது. 1942இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் மூல நெகட்டிவ் அழிந்துபோனது.

எஞ்சிய துண்டுகளைத் தேடியெடுத்து இரண்டு சினிமா ஆர்வலர்கள் படத்தை மீளமைத்தார்கள். ரெனுவாரின் ஒப்புதலோடு 1959இல் அது வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது. பிரித்தானியச் சஞ்சிகையான 'சைட் அன்ட் சவுன்ட்' பத்தாண்டுகளுக்கு ஒரு தடவை விமர்சகர்களிடம் வாக்குக் கேட்டு, உலகின் சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. 1952இலிருந்து 2012 வரை வந்த ஏழு பட்டியல்களிலும் முதல் பத்துக்குள் இருந்த ஒரே படம் 'ஆட்டத்தின் விதிகள்' மட்டுமே. கூச்சலிட்டு விரட்டப்பட்ட படம்தான் அந்த இடத்தில் இருந்தது.

நமது நாட்டிலும் இதனோடு வைத்துப் பார்க்கக்கூடிய வரலாறு உண்டு. சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களில், தென்னிந்தியச் சூத்திரத்தில் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அரசாங்கத் திரைப்படப் பிரிவை விட்டு விலகி, கமெராவைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டுபோனார். 1956இல் வெளிவந்த 'ரேகாவ' 1957இல் கான் விழாவுக்குப் போனது. உள்ளூர்த் தியேட்டரில் மக்கள் அதைக் கைவிட்டார்கள். படம் பேரில் வென்றது, வசூலில் தோற்றது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலை வைத்து அவர் எடுத்த 'கம்பெரலிய' 1963இல் வந்து, 1965இல் புதுடில்லி சர்வதேச விழாவில் தங்க மயில் விருதை வென்ற பிறகுதான் அவர் தொடங்கிய பாதை ஒரு பாதையென்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் தமிழில் நெறிப்படுத்திய 'பொன்மணி' 1977இல் வந்தது. அன்று ஓடாத அந்தப் படத்தைத் தவிர்த்துவிட்டு இலங்கைத் தமிழ் சினிமாவின் வரலாற்றை இன்று யாரும் எழுத முடியாது.

*

இதுவரை சொன்னவை காலம் திருத்திய தீர்ப்புகள். ஆனால் காலம் திருத்தும்வரை மனிதர் காத்திருக்க முடிவதில்லை. இதற்கு 1960ஆம் ஆண்டில் நடந்ததைப் போன்ற சான்று வேறில்லை எனலாம்.

அந்த ஆண்டு சில மாத இடைவெளியில் இரண்டு படங்கள் லண்டனுக்கு வந்தன. ஒன்று மைக்கல் பவலின் 'பீப்பிங் டொம்'. மற்றது அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ'. இரண்டிலும் பார்ப்பதற்கு அமைதியான, கூச்ச சுபாவமுள்ள ஓர் இளைஞன் கொலைகாரன். பவலின் கதாநாயகன் தான் கொல்லும் பெண்களின் பயத்தைக் கமெராவில் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறான். திரைக்கு முன்னால் இருந்து அதைப் பார்க்கும் நாமும் அவனும் ஒன்றுதானா என்று படம் கேட்கிறது.

விமர்சகர்களுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. 'ஒப்சேர்வர்' பத்திரிகையில் முப்பதாண்டுகளுக்கு மேல் எழுதிய சி. ஏ. லெஜூன் அம்மையார் 'சைக்கோ' முடியுமுன்பே எழுந்து வெளியேறினார். அத்தோடு வேலையையும் விட்டார். பவலின் படத்தைச் சாக்கடையில் தள்ளிவிட வேண்டும் என்ற பொருளில் 'டிரிபியூன்' இதழில் டெரிக் ஹில் எழுதினார். 'சன்டே டைம்ஸ்' பத்திரிகையின் டிலிஸ் பவல் அம்மையாரும் கடுமையாகவே கண்டித்தார். பெயர் ஒன்றாக இருப்பினும் இவர் நெறியாளருக்கு உறவினரல்லர்.

ஒரே மாதிரியான ஏச்சு. விளைவு ஒன்றல்ல. ஹிட்ச்கொக் தன் படத்தை விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் காட்டவேயில்லை. சுமார் 8 இலட்சம் டொலரில் எடுத்த படத்துக்குச் சனங்கள் வரிசையில் நின்றார்கள். பின்னால் ஹொலிவூட்டின் விநியோகமும், முன்னால் வரிசையில் நின்ற கூட்டமும் அவருக்குக் கவசமாயின. பவலுக்கு அந்தக் கவசம் இருக்கவில்லை. படம் தியேட்டரிலிருந்து விரைவாக எடுக்கப்பட்டது. 'த றெட் ஷூஸ்' போன்ற படங்களை எமரிக் பிரஸ்பேர்கருடன் சேர்ந்து தந்த அந்த மனிதருக்குப் பிரித்தானியாவில் பெரிய படமெடுக்கும் வாசல் ஏறக்குறைய அடைபட்டது. அறுபதுகளின் பிற்பகுதியில் அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்ப் படமெடுத்தார்.

இதில் விமர்சகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. பெரிய முதலோடு வரும் படத்தை நாம் எப்படி ஏசினாலும் அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பலமில்லாதவனின் படத்தின்மீது அதே சொல் விழுந்தால் அவனுடைய பிழைப்பே போய்விடக்கூடும். இரண்டுக்கும் ஒரே நேர்மை வேண்டும் என்பது சரி. ஆனால் இரண்டும் ஒரே எடையைச் சுமக்கின்றன என்று எண்ணுவது நேர்மையாகாது.

1979இல் மார்ட்டின் ஸ்கோர்செசியின் முயற்சியால் 'பீப்பிங் டொம்' அமெரிக்காவில் மறுபடி திரைக்கு வந்தது. மைக்கல் பவல் 1990இல் காலமானார். 1994இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய டிலிஸ் பவல் அதே 'சன்டே டைம்ஸ்' பத்திரிகையில் அப்படத்தைப் பற்றி மறுபடி எழுதினார். அன்று தான் அதை வெறுத்ததாகவும், இன்று அது ஒரு மகத்தான படைப்பென்று காண்பதாகவும் ஒப்புக்கொண்டார். மறுமையில் பவலைச் சந்திக்க நேர்ந்தால் மன்னிப்புக் கேட்பேன் என்றும் சொன்னார். அடுத்த ஆண்டு அவரும் போய்விட்டார். முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, கேட்க வேண்டியவர் இல்லாதபோது சொல்லப்பட்ட வார்த்தை அது. இருந்தும் அவர் அதைச் சொன்னார். அன்று ஏசிய எத்தனையோ பேர் ஒன்றுமே சொல்லாமல் போனார்கள்.

*

தவறை ஒப்புக்கொள்ள முப்பத்துநான்கு ஆண்டுகள் தேவையில்லை, ஒரு வாரமே போதும் என்று காட்டியவரும் இருக்கிறார். 1967 ஓகஸ்டில் ஆர்தர் பென் நெறிப்படுத்திய 'பொனி அன்ட் க்ளைட்' வெளியானது. வோர்னர் நிறுவனத்தின் படம். நடிகர் வொரன் பீற்றி தயாரித்தது. 'நியூஸ்வீக்' விமர்சகர் ஜோ மோர்கன்ஸ்டேர்ன் படத்தை இகழ்ந்து எழுதினார். பிறகு சாதாரணச் சனங்களோடு தியேட்டரில் இருந்து மறுபடி பார்த்தார். அடுத்த வார இதழிலேயே தனது முதல் விமர்சனம் தவறு என்று எழுதினார்.

குரோத்தரோ அப்படி மாறவில்லை. ஒரு தடவைக்கு மூன்று தடவை அந்தப் படத்தைக் கண்டித்தார். அப்பொழுது சிக்காகோவில் இருபத்தைந்து வயது இளைஞரான ரொஜர் ஈபர்ட், இது அமெரிக்க சினிமாவில் ஒரு மைல்கல் என்று எழுதினார். பவுலின் கேல் ஆயிரக்கணக்கான சொற்களில் நீண்டதொரு கட்டுரையை எழுதி, ஒரு சஞ்சிகை மறுத்த பிறகு 'நியூயோர்க்கர்' இதழில் வெளியிட்டார். 1968 ஆரம்பத்தில் குரோத்தர் திரைப்பட விமர்சகர் பதவியில் இல்லை. அதே ஆண்டு கேல் 'நியூயோர்க்கர்' விமர்சகரானார்.

குரோத்தரை வெறும் பழைமைவாதியாக்கிச் சிரிப்பது இன்று இலகு. அது அநியாயம். இத்தாலிய நவயதார்த்தப் படங்களை அமெரிக்க வாசகருக்கு எடுத்துச் சொன்னவர் அவர். தணிக்கைக்கு எதிராக நின்றவர். ரொசெலினியின் 'அற்புதம்' படத்தைத் தடைசெய்தபோது அதற்காக வாதாடியவர். அந்த வழக்கில்தான் 1952இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், சினிமாவும் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. ஒரு காலத்தில் புதியதற்கு வாசல் திறந்த கை இன்னொரு காலத்தில் அதே வாசலைச் சாத்தப் பார்த்தது. இது நம் எல்லோருக்கும் வரக்கூடிய நோய்.

இன்னுமொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் போரில் வென்ற கேல், ஒரு படத்தை ஒரு தடவைக்கு மேல் பார்ப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தவர். முதல் பார்வையில் மனத்தில் எழும் சூடுதான் உண்மை, மறுபடி பார்ப்பது அதை ஆறவைத்துவிடும் என்பது அந்தக் கட்சி. அதை முற்றாக ஒதுக்க என்னால் முடியவில்லை. ஆனால் கேலின் கண் எல்லோருக்கும் இல்லை. எனக்கு நிச்சயமாக இல்லை.

*

சுயாதீன சினிமாவுக்கும் விமர்சகருக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. அங்கே சுவரொட்டி இல்லை, விளம்பரம் இல்லை. விமர்சகரின் ஒரு பந்திதான் விளம்பரம். 1958இன் இறுதியில் ஜோன் கசவெற்றிஸ் தன் 'நிழல்கள்' படத்தை நியூயோர்க்கில் காட்டியபோது, அதைத் தோளில் தூக்கியவர் விமர்சகர் ஜோனஸ் மேக்கஸ். அவருடைய 'ஃபில்ம் கல்ச்சர்' சஞ்சிகை தனது முதலாவது சுயாதீனத் திரைப்பட விருதை 1959இல் அதற்கே வழங்கியது. கசவெற்றிஸுக்கோ திருப்தியில்லை. பெரும்பகுதியை மறுபடி படம்பிடித்து இரண்டாவது பிரதியொன்றை வெளியிட்டார். மேக்கஸ் அதை வெளிப்படையாகவே நிராகரித்தார்; தான் மெச்சியது முதல் பிரதியைத்தான் என்று எழுதினார். நெறியாளர் தன் பிரதியை நம்பினார். விமர்சகர் தன் பார்வையை நம்பினார்.

2003இல் கான் விழாவில் வின்சன்ட் கலோவின் 'பிரவுன் பனி' காட்டப்பட்டபோது நேர்மாறானது நடந்தது. விழா வரலாற்றிலேயே மிக மோசமான படம் என்றார் ஈபர்ட். இருவருக்குமிடையில் பொதுவெளியில் பெரிய வாய்ச்சண்டை. கலோ கால் மணித்தியாலத்துக்கும் கூடுதலான பகுதியை வெட்டிக் குறுக்கினார். 2004இல் ஈபர்ட் புதிய பிரதியைப் பார்த்துச் சாதகமாக எழுதினார். சண்டையை மனத்தில் வைத்திருந்து பழிவாங்க அவருக்கு நல்ல சந்தர்ப்பம் இருந்தது. அவர் படத்தை மட்டும் பார்த்தார்.

சார்ல்ஸ் பேர்னற்றின் 'கில்லர் ஒஃப் ஷீப்' இன்னொரு வகை. லொஸ் ஏஞ்சலிஸின் வொட்ஸ் பகுதியில், ஆட்டுத் தொட்டியில் வேலைசெய்யும் ஒரு கறுப்பினத் தொழிலாளியின் நாட்களை, 10,000 டொலருக்கும் குறைந்த செலவில், பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்காக எடுத்த படம். பாட்டுகளுக்கு உரிமை வாங்கக் காசில்லாததால் அது திரையரங்குக்கு வரவே முடியவில்லை. 1981இல் பேர்லின் விழாவில் விமர்சகர் விருது, 1990இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் என்று அதன் பேரைப் பல ஆண்டுகள் காப்பாற்றியவர்கள் பார்த்தவர்களும் எழுதியவர்களுமே. 2007இல்தான் முறையாக வெளியானது. விமர்சகர் கொல்ல மட்டுமல்ல, உயிரோடு வைத்திருக்கவும் கூடியவர்.

இன்றைக்கு இந்தக் கருத்துகளெல்லாம் எண்ணாகிவிட்டன. 1998இல் தொடங்கிய 'ரொட்டன் டொமேட்டோஸ்' நூற்றுக்கு இத்தனை வீதம் விமர்சகர்கள் சாதகம் என்று கணக்குச் சொல்கிறது. 'பரவாயில்லை' என்று எல்லோரும் சொன்ன படமும் அங்கே நூறு பெறும். பாதிப்பேர் உயிரைக் கொடுத்து நேசித்து, பாதிப்பேர் வெறுத்த படம் ஐம்பதிலேயே நின்றுவிடும். 'சைட் அன்ட் சவுன்ட்' பட்டியலும் எண்ணிக்கைதான். ஆனால் அது பத்தாண்டுக்கு ஒரு தடவை மறுபடி பார்க்கச் சொல்கிறது. 1952இல் 'சைக்கிள் திருடர்கள்', பிறகு ஐம்பதாண்டுகளாக ஐந்து தடவை 'சிட்டிசன் கேன்', 2012இல் 'வேர்ட்டிகோ'. 2022இல் 1,600இற்கும் மேற்பட்டோர் வாக்களித்தபோது முதலிடத்துக்கு வந்தது ஷன்டால் அக்கர்மன் தனது இருபத்தைந்தாவது வயதில் 1975இல் தந்த 'ஜான் டீல்மன்'. விதவையொருத்தி உருளைக்கிழங்கு சீவுவதையும் கட்டிலை விரிப்பதையும் 201 நிமிடங்கள் பொறுமையாகப் பார்க்கும் படம். பெண்ணொருவர் நெறிப்படுத்திய படம் அப்பட்டியலின் உச்சிக்கு வந்தது அதுவே முதல் தடவை. படத்தில் ஒரு காட்சியும் மாறவில்லை. கேட்கப்பட்டவர்கள் மாறினார்கள், பார்த்த கண்கள் மாறின.

*

2018இல் ஒரு கலியாண வீட்டில் அந்த இளைஞரைக் கண்டேன். இப்போது இளைஞரல்லர், தாடியில் நரை. விடுமுறையில் வந்திருந்தார். நான் விலகப் பார்த்தேன். அவரே வந்து ஸலாம் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எழுதினது சரிதான் சேர். கமெராவப் பிடிக்கவும் எனக்குத் தெரியா அப்ப."

நான் என்ன சொல்வதென்று தெரியாமல், அந்தக் கிழவராக நடித்தவர் யாரென்று கேட்டேன்.

"நடிக்கல்ல சேர். அது எங்கட மூத்தாப்பா. ரெண்டு புள்ளயக் கடல் கொண்டு போன பொறகு அவரு அப்பிடித்தான் இருந்தாரு. படம் எடுத்து ஆறு மாசத்துல மௌத்தாகிட்டாரு. அவர்ர முகம் எங்களுக்கிட்ட அந்தப் படத்துல மட்டுந்தான் இரிக்கி."

அன்றிரவே படத்தை என் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டாவது தடவை பார்த்தேன். குறைகள் குறைகளாகத்தான் இருந்தன. ஒலி தெளிவில்லை. நடுவில் ஐந்து நிமிடம் தேவையில்லை. ஆனால் 'மாப்பிள்ளையைக் காணவில்லை' என்று நான் கேலி செய்த அந்தக் காட்சியில் கமெரா முதியவரை விட்டு விலகி, வெறுந்தோணியின் மீது நெடுநேரம் நிற்கிறது. கமெராக்காரன் தவறவிட்டான் என்று அன்று நினைத்தேன். அவர் தன் மாமன்மார் இருந்து போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்தக் கட்டுரையின் முதல் பந்திகளை அவருக்கு அனுப்பி, எழுதலாமா என்று கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. பேர் போட வேண்டாம் என்றார். பிறகு இன்னுமொரு வரி: "ஒலி சரியில்ல எண்டதையும் மறக்காம எழுதுங்க சேர்."

எழுதிவிட்டேன்.